வேலிக்கு ஓணான் சாட்சி

(திருகோணமலையில் ஒரு வாசிகசாலை ஆண்டுவிழாவில் பேசியது. மேடையில் விழுங்கிவிட்ட சில வரிகளை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வாசிகசாலையின் போசகர் அவர்களே, பிரதேச செயலகத்திலிருந்து வந்திருக்கும் உத்தியோகத்தர் அவர்களே, இரண்டு பாடசாலைகளின் அதிபர்களே, ஆலய பரிபாலன சபையினரே, பள்ளிவாசல் நிர்வாகத்தின் சார்பில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஹாஜியார் அவர்களே, மாணவச் செல்வங்களே, கடைசி வரிசையில் வாசலோரமாக இடம் பிடித்து எந்த நேரமும் எழும்பிப் போகத் தயாராக இருக்கும் பெரியவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

தலைவர் என்னைப் பறவையியல் அறிஞர் என்று அறிமுகப்படுத்தினார். அது அவருடைய பெருந்தன்மை. நான் ஓய்வுபெற்ற ஒரு விஞ்ஞான ஆசிரியன், அவ்வளவுதான். பிரதேச செயலக உத்தியோகத்தர் வேறு இரண்டு கூட்டங்களைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கிறார். அவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அவரிடம் ஒரு கோரிக்கையும் இருக்கிறது, பின்னால் வருகிறேன். பொன்னாடை போர்த்திய செயலாளருக்கும் நன்றி. அடுத்த வருடம் பேச வருபவருக்குப் பொன்னாடைக்குப் பதிலாக ஒரு செவ்வரத்தங்கன்று கொடுத்தால் இன்னும் சந்தோஷப்படுவார். இதைச் சொன்னதும் என் பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்கிறார். நான் எங்கே போய் முடிப்பேன் என்பது அவருக்குத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று விஷயங்கள் பேசலாமென்று இருக்கிறேன். முதலாவது, தேன்சிட்டு யாருடைய சொந்தம். இரண்டாவது, வெள்ளைக்கண்ணி என்ற சின்னப் பறவையின் குடும்பக் கதை. மூன்றாவது, ஆறுமணிக் குருவியைப் பாடும் பறவைகளோடு சேர்க்கலாமா, கூடாதா.

எங்கள் அம்மம்மா அடிக்கடி சொல்லும் பழமொழி: 'வேலிக்கு ஓணான் சாட்சி, வெந்தயத்துக்குச் சீரகம் சாட்சி.' கூட்டாளிக்குக் கூட்டாளி சாட்சி சொன்னால் வழக்கு என்ன ஆகும்? பறவைகளை இனம் பிரித்த கதையில் ஏறக்குறைய இருநூறு வருடம் இந்த மாதிரிச் சாட்சியை வைத்துத்தான் தீர்ப்பு எழுதினார்கள். எப்படியென்று ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன்.

உப்புவெளியில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பெயர் சொல்லமாட்டேன், அவர்களில் பாதிப் பேர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள். அந்த வீட்டு விறாந்தையில் அழைப்புமணிக்குப் போன வயர் கொஞ்சம் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பெண் தேன்சிட்டு கூடு கட்டிவிட்டது. மேலே மண்ணிறம், வயிறு மஞ்சள், நம் பெருவிரல் அளவு உடம்பு. சிலந்தி வலையால் நாரையும் பஞ்சையும் இழுத்துக் கட்டி, வெளியே மரப்பட்டைத் துணுக்குகளை ஒட்டி, பக்கவாட்டில் ஒரு வாசலும் அதற்கு மேலே மழை படாமல் ஒரு சின்னத் தாழ்வாரமும். உள்ளே இரண்டு முட்டை. வீட்டம்மா உத்தரவு போட்டுவிட்டார்: குஞ்சு பறக்கும்வரை முன்கதவு திறக்கக்கூடாது, மணி அடிக்கக்கூடாது. தபால்காரர், மீற்றர் பார்க்க வருபவர், சீட்டுக்காசு வாங்க வருபவர் எல்லோரும் குசினிப் பக்கம்தான்.

அந்த நேரம் பார்த்து மட்டக்களப்பிலிருந்து பெண் பார்க்க வந்துவிட்டார்கள். வான் நிறைய ஆட்கள். பெண்ணின் தகப்பனார் படலைக்கு ஓடிப்போய்க் கையைப் பிசைந்துகொண்டு, "குறை நினைக்க வேண்டாம், இப்படிப் பக்கத்தால வாங்கோ" என்றார். பட்டுச்சேலையும் பட்டுவேட்டியுமாகக் கிணற்றடியைத் தாண்டி, கோழிக்கூட்டைத் தாண்டி, கொடியில் காய்ந்த உடுப்புகளுக்குக் கீழே குனிந்து, பலகாரத் தட்டோடு குசினிக்குள்ளால் போகிறார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பொறுக்கவில்லை. "நாங்கள் என்ன, கடன் கேட்டு வந்த ஆட்களா, பின்வாசலால நுழைய?" என்று குரலை உயர்த்திவிட்டார். வீடே அமைதி. மாப்பிள்ளையின் தாயார்தான், "எங்கே அந்தக் கூட்டைக் காட்டுங்கோ" என்று கேட்டு, யன்னலால் எட்டிப் பார்த்தார். கூட்டின் பக்கத்தில் மினுங்கிக்கொண்டு ஒரு சரிகை நூல். பெண் தன் சேலைக் கரை தைத்தபோது முற்றத்தில் விழுந்தது. அந்த அம்மா சிரித்துவிட்டு, "குருவியே இந்த வீட்டுப் பிள்ளையின் கைவேலையை எடுத்திருக்கு, நான் என்ன சொல்ல?" என்றார். சம்பந்தம் அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

சித்தப்பா மட்டும் விடவில்லை. "இது ஹம்மிங் பேர்ட். நான் ரி.வி.யில பார்த்திருக்கிறன். சொண்டைப் பாருங்கோ, நிறத்தைப் பாருங்கோ, பூவில தேன் குடிக்குது பாருங்கோ" என்று மூன்று சாட்சிகளை அடுக்கினார். "இல்லை ஐயா, இது எங்கட தேன்சிட்டு" என்று பெண்ணின் தகப்பனார் மெதுவாகச் சொன்னார். வாக்குவாதம் முற்றி, மூன்று வீடு தள்ளி இருந்த என்னை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். நான் போனபோது வடை முடிந்திருந்தது, வழக்கு முடியவில்லை.

சித்தப்பாவைக் குறை சொல்ல முடியாது. வேலிக்கு ஓணான் சாட்சி. சொண்டுக்குச் சொண்டே சாட்சி. ஹம்மிங் பேர்ட் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழ்வது. அதன் நெருங்கிய சொந்தம் நம் வானத்தில் வட்டமடிக்கும் உழவாரன். தேன்சிட்டோ ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் பரந்திருக்கும் கூட்டம்; காகம், சிட்டுக்குருவி, மைனா எல்லாம் சேர்ந்த அந்தப் பெரிய பாடும் பறவை வரிசையில் ஒன்று. ஹம்மிங் பேர்ட் அந்தரத்தில் நின்று குடிக்கும், பின்பக்கமாகவும் பறக்கும். தேன்சிட்டும் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நிற்கும்தான், ஆனால் முடிந்தால் கிளையில் உட்கார்ந்தே குடிக்கும். நீண்ட குழாய்ப் பூவுக்குள் தேன் இருந்தால் நீண்ட சொண்டு வேண்டும். அந்தத் தேவை இரண்டு கண்டங்களில் இரண்டு வேறு பரம்பரைகளை ஒரே உருவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் தேன் குடிக்கும் பறவைகள் இன்னொரு தனிக் குடும்பம். ஹவாய்த் தீவுகளில் வளைந்த சொண்டோடு தேன் குடிப்பவை ஃபிஞ்ச் பறவைகளின் வழி வந்தவை. முகத்தை மட்டும் பார்த்தால் நாலும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்றுதான் சொல்வோம்.

பெரிய அறிஞர்கள்கூட இதில் சறுக்கியிருக்கிறார்கள். உயிரினங்களை வகைப்படுத்திப் பெயர் வைத்த சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 1766ஆம் ஆண்டு இலங்கைத் தேன்சிட்டுகளுக்குப் பெயர் வைத்தபோது, ஐரோப்பாவில் மரத்தில் ஏறித் திரியும் வளைந்த சொண்டுப் பறவையோடு சேர்த்து 'செர்த்தியா' என்ற பேரினத்தில் போட்டார். அங்கேயும் சாட்சி சொண்டுதான். அதில் ஒன்றுக்கு ஒல்லாந்த ஆளுநர் லோட்டனின் பெயர். 1752இலிருந்து 1757வரை இலங்கையில் ஆளுநராக இருந்தவர், பறவைகளில் பைத்தியம். அவருக்காகப் பறவைகளை வரைந்தவர் இலங்கையிலேயே பிறந்த டி பெவேரே என்ற கலைஞர். ஆளுநர் பெயர் பறவையில் நின்றுவிட்டது, வரைந்தவர் பெயர் நிற்கவில்லை. உலகம் அப்படித்தான். நம் ஊரில் பிரித்தானியப் பீரங்கிப் படை அதிகாரியாகக் கடமையாற்றிய, ஆஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் பிறந்த லெக் என்பவரையும் சொல்ல வேண்டும். இலங்கைப் பறவைகள் பற்றிய அவருடைய பெரிய நூல் 1880இல் நிறைவடைந்தது. பறவை பார்க்க வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை, மாணவர்களே, திருகோணமலையே போதும்.

சாட்சி மாறியது டி.என்.ஏ. வந்த பிறகு. சிப்லி, ஆல்கிஸ்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஒரு வேலை செய்தார்கள். இரண்டு பறவைகளின் டி.என்.ஏ.யை எடுத்து, இரட்டை இழைகளைப் பிரித்து, இதன் இழையை அதன் இழையோடு ஒட்டவிட்டு, பிறகு மெல்ல மெல்லச் சூடாக்கினார்கள். நெருங்கிய உறவென்றால் பிரிய அதிக சூடு வேண்டும். தூரத்து உறவு கொஞ்சச் சூட்டிலேயே கையை விட்டுவிடும். காணிப் பிரச்சினை வந்தால் நம் சொந்தக்காரர்களையும் இப்படித்தான் அளக்கிறோம். அவர்களுடைய வகைப்பாடு 1990இல் புத்தகமாக வந்தது. பின்னால் மரபணு எழுத்துகளை நேரடியாக வாசிக்க முடிந்தபோது அதில் பலதும் திருத்தப்பட்டது. ஆனால் ஒரு விஷயம் நிலைத்துவிட்டது. தேன்சிட்டின் மிக நெருங்கிய உறவு பூக்கொத்தி.

பூக்கொத்தியைப் பார்த்திருக்கிறீர்களா? 8 சென்ரிமீற்றர் நீளம், சாம்பல் நிறம், கட்டைச் சொண்டு, ஜாம் பழ மரத்தில் 'டிக் டிக்' என்று கத்திக்கொண்டே திரியும். இலங்கையின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்று. தேன்சிட்டின் மினுமினுப்பும் இல்லை, வளைந்த சொண்டும் இல்லை. ஆனால் உடன்பிறப்பு அதுதான். குருவிச்சைப் பழத்தைத் தின்று, ஒட்டும் விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும்; அங்கே அடுத்த குருவிச்சை முளைக்கும். அதன் பூவில் தேன்சிட்டு தேன் குடிக்கும். தங்கை விதைக்கிறாள், அக்கா குடிக்கிறாள்.

தையல்சிட்டு கதையும் இதே மாதிரிதான். இலையைத் தைத்துக் கூடு கட்டும் அந்தச் சிட்டைப் பெனன்ற் என்பவர் 1769இல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதுவும் லோட்டன் சேகரித்ததிலிருந்துதான். நெடுங்காலம் அதை ஐரோப்பியக் கதிர்க்குருவிகளின் பெரிய குடும்பத்தில் வைத்திருந்தார்கள். பூச்சி தின்னும் மங்கல் நிறச் சின்னப் பறவை எதுவானாலும் அந்தக் குடும்பத்தில் போட்டுவிடுவது வழக்கம். மரபணு பார்த்த பிறகு அந்தக் கூட்டுக்குடும்பம் பல துண்டாகிவிட்டது. தையல்சிட்டு இப்போது புல்லுக்குள் வாலை நிமிர்த்தித் திரியும் பிரினியா என்ற சின்னப் பறவைகளின் வீட்டில்.

இரண்டாவது விஷயம், வெள்ளைக்கண்ணி. சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கையில் இரண்டு இனம்: ஒன்று இந்தியாவிலும் இருப்பது, மற்றது நுவரெலியாப் பக்க மலைநாட்டில், உலகில் வேறெங்கும் இல்லாதது. பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிற அக்கா தங்கை என்று நினைப்போம். இல்லை. மலைநாட்டுக்காரி அந்தக் குடும்பத்தில் வெகு முன்பே பிரிந்துபோன கிளைகளில் ஒன்று.

இப்போது பிரதேச செயலக உத்தியோகத்தரிடம் பின்னால் வருகிறேன் என்று சொன்ன கோரிக்கைக்கு வருகிறேன். அந்தத் தேன்சிட்டு ஏன் அழைப்புமணி வயரில் கூடு கட்டியது? கட்டுவதற்குத் தொங்கும் சிறு கிளை அந்த வீதியில் இல்லை. ஒரு காலத்தில் அந்த ஒழுங்கை முழுவதும் கிளுவை, பூவரசு, முள்முருக்கு, ஆடாதோடை வேலி. யுத்தம், 2004 சுனாமி, இடம்பெயர்வு, பிறகு வந்த காசு எல்லாம் சேர்ந்து வேலியை எடுத்து மதிலைக் கட்டிவிட்டன. மதிலில் சிலந்திக்குப் பின்னத் தோதான கிளை ஏது? கூடு கட்ட வலை வேண்டும். குஞ்சுக்குக் கொடுக்கச் சிலந்தியும் பூச்சியும் வேண்டும். தேனை மட்டும் குடித்துக் குஞ்சு வளராது. உயிர்வேலி ஒன்று நாலைந்து வகை மரத்தோடு இருந்தால் தேன்சிட்டுக்கும் இடம், பூக்கொத்திக்கும் இடம், தையல்சிட்டு தைக்க இலையும் கிடைக்கும்.

அந்தக் கல்யாணத்துக்குக் கன்னிக்கால் ஊன்ற ஒரு முள்முருக்கந்தடி தேடினார்கள். அந்த வீதியில் ஒன்றுகூட இல்லை. கடைசியில் கிண்ணியாவில் ஒரு நண்பரின் வளவிலிருந்து வெட்டி ஓட்டோவில் கொண்டுவந்தோம். தடி வெளியே நீட்டிக்கொண்டு, பின்னால் சிவப்புத் துணி கட்டி! நம் சடங்குக்கே மரம் கடன் வாங்குகிற நிலை. அப்போதும் சித்தப்பா வந்து, "மதில் இருந்தால்தான் பாதுகாப்பு" என்றார். பாதுகாப்புக்கு மதில் சாட்சி, மதிலுக்கு மேசன் சாட்சி. நான் அம்மம்மா பழமொழியைச் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

உத்தியோகத்தர் அவர்களே, வீடுகளை நான் கேட்கவில்லை, அது அவரவர் விருப்பம். பாடசாலை வளவுகள், விளையாட்டு மைதானங்கள், இந்த வாசிகசாலையின் பின்பக்கம், இவற்றுக்கு இனி மதில் என்று மதிப்பீடு வந்தால், முன்பக்கம் மதில், மற்ற மூன்று பக்கமும் உயிர்வேலி என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். செலவும் குறையும். ஆலய பரிபாலன சபையினரிடமும் ஹாஜியாரிடமும் இதே வேண்டுகோள்தான்.

தலைவர் துண்டு அனுப்பியிருக்கிறார், இரண்டு நிமிடமாம். ஆறுமணிக் குருவி மாரியோடு இந்தியாவிலிருந்து வருகிற விருந்தாளி. அதன் குரல்பெட்டியின் தசை அமைப்பு வேறு, ஆகவே பாடும் பறவைகளின் பக்கத்து வீடு, அதே வீடு இல்லை. ஏன் என்பதை மாணவர்கள் தேத்தண்ணீர் நேரத்தில் என்னிடம் கேளுங்கள்.

வாசலில் முள்முருக்கும் கிளுவையும் தடியாக வெட்டிக் கட்டு கட்டி வைத்திருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஐந்து தடி, இலவசம். அதிபர்கள் இருவருக்கும் தனிக் கட்டு இருக்கிறது, மறந்துவிட்டுப் போகவேண்டாம். எடுப்பவர்கள் மேசையில் உள்ள கொப்பியில் பெயரும் வீதியும் எழுதுங்கள். மாரி தொடங்கியதும் நான் வந்து பார்ப்பேன். தடியின் அடிப்பக்கத்தில் சிவப்பு மை போட்டிருக்கிறது, தலைகீழாக நட்டுவிடாதீர்கள். வணக்கம்.