அன்னாவின் முகம்: மொசைக் ஓவியர் போரிஸ் அன்ரெப்

[திரையில்: அயர்லாந்து, முல்லிங்கர் பேராலயம். கேமரா ஒரு சிற்றாலயத்துக்குள் மெல்லப் போகிறது]

வணக்கம். இந்தச் சுவரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சிறுமி மரியாவை எருசலேம் ஆலயத்தில் காணிக்கையாக ஒப்படைக்கும் காட்சி. கூட இருப்பவர் அவளுடைய தாய், புனித அன்னம்மாள். பெயரையும் 'அன்னா' என்றே பொறித்திருக்கிறார்கள். இந்த முகத்தில் ரஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவாவின் சாயல் இருக்கிறது என்று பார்த்தவர்கள் பலர் சொல்கிறார்கள். இதைச் செய்த போரிஸ் அன்ரெப்பின் கதை தெரிந்தால், நமக்கும் அப்படித்தான் தோன்றும்.

[திரையில்: பழைய பீட்டர்ஸ்பர்க்]

போரிஸ் அன்ரெப் 1883-இல் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். சட்டம் படித்தார், கவிதை எழுதினார். 1908-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓவியம் கற்கப் பாரிஸ் போனார். அப்புறம் மொசைக் அவரைப் பிடித்துக்கொண்டது, கடைசிவரை விடவில்லை.

அக்மதோவாவை அவர் சந்தித்தது முதல் உலகப் போர்க் காலத்தில், 1915-இல். அடுத்த ஆண்டு ஒரு நண்பர் தன் நாடகத்தைப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த அக்மதோவா யாரும் பார்க்காமல் அவர் கையில் ஒரு கருப்பு மோதிரத்தை வைத்தார். 1917-இல் அன்ரெப் லண்டன் கிளம்பினார். அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு இருவரும் சந்திக்கவே இல்லை. அக்மதோவா அவரை நினைத்துப் பல கவிதைகள் எழுதினார்.

[திரையில்: கண்ணாடிச் சில்லுகள், மிக அருகில்]

மொசைக் என்றதும் நமக்கு வீட்டுத் தரைதான் நினைவுக்கு வரும். தேவாலய மொசைக் வேறு. வண்ணக் கண்ணாடிப் பாளத்தைச் சுத்தியலால் விரல்நுனி அளவுக்குச் சில்லு சில்லாக உடைப்பார்கள். தங்கச் சில்லு வேண்டுமென்றால், மெல்லிய தங்கத் தாளை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்து உருக்கி ஒட்டவைக்க வேண்டும். பெரிய சுவர் என்றால், படத்தை இடவலம் மாற்றித் தாளில் வரைந்து, அதன்மேல் சில்லுகளைக் கவிழ்த்து ஒட்டுவார்கள். பிறகு பகுதி பகுதியாகக் கொண்டுபோய்ச் சுவரின் ஈரச் சாந்தில் பதித்து, தாளை நனைத்து உரித்து எடுப்பார்கள். அதுவரை வேலையின் முகப்பு செய்தவர் கண்ணுக்கே தெரியாது! ஒரு கண்ணிமைக்கு எந்தச் சாம்பல் நிறம் என்பதைக் கவிழ்ந்த நிலையிலேயே முடிவு செய்ய வேண்டும். எனக்கு இந்தக் கலையில் பெரிய வியப்பே இதுதான்.

[திரையில்: லண்டன் நேஷனல் கேலரி, படிக்கட்டுத் தளம்]

அன்ரெப்பை உலகம் அறிந்தது இந்தத் தரைகளால். 1928-இல் தொடங்கி 1952 வரை நான்கு தளங்கள். கிரேக்கப் புராணத்தின் கலைத் தெய்வங்களுக்குத் தன் காலத்து மனிதர்களின் முகத்தையே வைத்தார். வரலாற்றின் தேவதையாக எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப், துன்பியலின் தேவதையாக நடிகை கிரேட்டா கார்போ. தினமும் மக்கள் இவர்கள்மேல் நடந்துபோகிறார்கள்.

1952-இல் முடித்த தளத்தில் 'கருணை' என்றொரு படம். போரின் கொடுமையிலிருந்து மெலிந்த ஒரு பெண்ணைத் தேவதூதர் காக்கிறார். அந்தப் பெண் அக்மதோவா. இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராடை, அதாவது பழைய பீட்டர்ஸ்பர்க்கை, ஜெர்மன் படைகள் முற்றுகையிட்டபோது வந்த பட்டினியை மனத்தில் வைத்துச் செய்தது. 1946-இல் சோவியத் அரசு அவரைப் பழித்து, எழுத்தாளர் சங்கத்திலிருந்தும் நீக்கியிருந்தது. தன் நாட்டில் புத்தகம் போட முடியாமல் தவித்தவருக்கு லண்டனில் ஒரு தரையில் இடம் கிடைத்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்குள் முல்லிங்கர் சுவரில் அன்னா வந்தார்.

எழுபது வயதுக்கு மேல் அன்ரெப் தன் மிகப் பெரிய தேவாலய வேலையை எடுத்துக்கொண்டார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தின் நற்கருணைச் சிற்றாலயம் அது. வழக்கமான தங்கப் பின்னணி அங்கே இல்லை. வெளிர் ரோஜா நிறம் பரவி, சிற்றாலயமே விடியற்காலை போல இருக்கிறது.

[திரையில்: பாரிஸ், 1965]

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் அக்மதோவாவுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்த ஆண்டு. ஊர் திரும்பும் வழியில் பாரிஸில் இருவரும் சந்தித்தார்கள். அக்மதோவாவுக்கு 75 வயது, அன்ரெப்புக்கு 81. அந்தக் கருப்பு மோதிரம் இரண்டாம் உலகப் போரின்போதே தொலைந்துபோயிருந்தது. அதைப் பற்றிக் கேட்டுவிடுவாரோ என்று அன்ரெப் அந்த நேரம் முழுக்கப் பயந்துகொண்டே இருந்தார். அக்மதோவா கேட்கவில்லை.