32 பேரில் 67 வீதம் எப்படி வரும்?

வணக்கம் உறவுகளே. டச்பே கடற்கரையில் இருந்து கதைக்கிறேன், காற்று கொஞ்சம் கூட, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று அக்காவின் மகள் தன் ஆய்வறிக்கையைக் கொண்டுவந்து காட்டினாள். இங்கே கரையோர மீனவர் 32 பேரிடம் வினாக்கொத்து கொடுத்து எடுத்த தரவு. ஒரு அட்டவணையில் 'கடன்பட்டு வலை வாங்கியோர் 67%' என்று இருந்தது. என் கண் அதிலேயே நின்றுவிட்டது.

ஃபோனில் கல்குலேட்டரை எடுத்து நீங்களும் போட்டுப் பாருங்கள். 21ஐ 32ஆல் வகுத்தால் 65.6, மட்டந்தட்டினால் 66. 22ஐ வகுத்தால் 68.75, அது 69. 21க்கும் 22க்கும் நடுவில் ஒரு மீனவர் இல்லையே! பிறகு 67 எங்கே இருந்து வரும்?

சராசரிக்கும் இதே கதைதான். நிக் பிரவுன், ஜேம்ஸ் ஹீதர்ஸ் என்ற இருவர் இதற்கு 'கிரிம்' சோதனை என்று பெயர் வைத்தார்கள். 1 முதல் 5 வரை முழு எண்ணில் புள்ளி போட்ட 25 பேரின் சராசரி 3.44 ஆகலாம், 3.48 ஆகலாம், 3.47 ஆகவே முடியாது. 2017இல் வெளிவந்த அவர்களின் கட்டுரையில், சோதிக்கக்கூடிய 71 உளவியல் கட்டுரைகளில் ஏறத்தாழப் பாதியில் ஒரு சராசரியாவது பொருந்தவில்லை. தரவை இட்டுக்கட்டுகிறவர் சதவீதத்தை நேரே எழுதிவிடுவார், அதற்குப் பின்னால் எத்தனை ஆட்கள் என்று எண்ணமாட்டார். அங்கேதான் பிடிபடுவார். ஆனால் ஆட்கள் நூறு பேர் ஆகிவிட்டால் முழு எண் சதவீதம் எதுவும் வரலாம், அங்கே இது உதவாது.

சரி, பிள்ளை பொய் எழுதினாளா? இதை வடிவாகக் கேளுங்கள். கள்ளம் என்று கத்த முதல் மூலத்தாளைக் கேட்க வேண்டும். எடுத்து வந்தாள். மேசையில் பரப்பி ஒவ்வொன்றாக எண்ணினோம், ஒரு தாளில் மீன் செதில்கூட ஒட்டிக் கிடந்தது. இரண்டு தாள்களில் அந்தக் கேள்விக்கு எதிரே ஒன்றுமே இல்லை. பதில் சொன்னது 30 பேர், 'ஆம்' என்றது 20 பேர். 66.7, அதாவது 67!

அட்டவணைக்குக் கீழே 'பதிலளித்தோர் 30' என்று எழுதினாள். அடுத்த அட்டவணையில் 41%. 32இல் 13 பேர், சரியாக வந்தது.