பால் வந்துவிட்டது, அப்புறம்?

நண்பர்களே, காசு இருந்தால் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 2017 ஜூன் 5 அன்று கத்தார் பட்ட பாட்டைப் பாருங்கள். ரமலான் மாதம். அண்டை நாடுகள் உறவை முறித்துக்கொள்ள, சவூதி எல்லை மூடப்பட்டது. கத்தாருக்குத் தரைவழி என்று இருப்பதே அந்த எல்லையில் உள்ள அபு சம்ரா சாவடி ஒன்றுதான், உணவில் சுமார் 40 சதவீதம் அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அன்றைக்கே தோஹா கடைகளில் பாலும் கோழியும் காலி.

துருக்கியும் ஈரானும் கைகொடுத்தன. ஆனால் எல்லாரும் பேசியது மாடுகளைப் பற்றித்தான்! ஜூலையில் விமானத்தில் வந்து இறங்கின. அல் கோர் பக்கம் இருக்கும் பலத்னா பண்ணையில், பாலைவன வெயில் தெரியாதபடி குளிரூட்டிய கொட்டகைகளில் கட்டி, ஒன்றிரண்டு ஆண்டுக்குள் நாட்டுக்கு வேண்டிய பாலை உள்ளூரிலேயே கறந்துவிட்டார்கள். சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மாடு தின்னும் தீவனம் பெரும்பாலும் கப்பலில் வருகிறது. குடிநீரோ கிட்டத்தட்ட முழுக்கக் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்து எடுப்பது. பாலுக்காக வெளிநாட்டை நம்பியிருந்தது போய், இப்போது தீவனத்துக்காக நம்புகிறார்கள், அவ்வளவுதான்.

சரி, கடை நிரம்பிவிட்டது. உடம்பு? 2012-ல் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பின்படி கத்தாரி பெரியவர்களில் ஆறில் ஒருவருக்குச் சர்க்கரை நோய், பத்தில் நான்கு பேருக்கு உடல் பருமன். அரசு சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டிலிருந்து பிப்ரவரியில் விளையாட்டு தினம் என்று விடுமுறை விடுகிறார்கள். 2019-ல் சோடா பானங்களுக்கு 50 சதவீதம், எனர்ஜி டிரிங்குக்கு 100 சதவீதம் வரி போட்டார்கள். வரி நல்ல யோசனை, ஆனால் வருடத்தில் ஒரு நாள் ஓடி இளைத்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கெடுப்பு கத்தாரிகளை மட்டும்தான் எண்ணியது. அங்கே வசிப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் வெளிநாட்டவர்கள். நம் ஊர்ப் பிள்ளைகளும் அதில் உண்டு. தொழிலாளர் கேம்ப் மெஸ்ஸில் ஒரு மலை சோறு, தண்ணியாகக் குழம்பு, இரவுக்குக் குப்பூஸ் ரொட்டி, காய் பேருக்குத்தான். வெயிலில் வேலை பார்த்துவிட்டு இதைச் சாப்பிடுகிறவரின் ரத்தச் சர்க்கரையையும் சிறுநீரகத்தையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது? உணவுப் பாதுகாப்பு என்று கோதுமையையும் அரிசியையும் கிடங்கில் அடுக்குகிறவர்கள் அந்த மெஸ் தட்டையும் ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும்.