ஒருவருக்கு ஒரு மேசை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, வணக்கம். சூதாட்டக் கூடமுள்ள காசினோ ஹோட்டலில், மாட்டிறைச்சித் துண்டுகளை வாட்டித் தரும் ஸ்டேக்ஹவுசில் சாப்பிடத் துணையோடு போவது சிறப்பா, தனியாகப் போவது சிறப்பா என்பது தலைப்பு. தனியாகப் போவதே சிறப்பு என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், "அங்கே தனியாகச் சாப்பிடுகிறவரைப் பார்த்தாலே பாவமாக இருக்கிறது" என்றார். ஐயா, அவர் எங்கிருந்து வருகிறார் என்று பாருங்கள். ஜன்னலும் கடிகாரமும் பெரும்பாலும் கண்ணில் படாத கூடம். ஓயாத சத்தம். சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பணம் கட்டும் ரூலட் ஆட்டத்தில், அமெரிக்கச் சக்கரத்துக்கு 38 கட்டங்கள். ஒற்றை எண்ணில் பணம் கட்டி ஜெயித்தாலும் 35 மடங்குதான் தருவார்கள். கட்டுகிற 100 டாலரில் சராசரியாக 5 டாலருக்கு மேல் விடுதிக்கே போய்விடும். அதையெல்லாம் கடந்து, கொடுத்த காசுக்கு இன்னது வரும் என்று தெரிந்த ஒரு நாற்காலியில் வந்து உட்காருகிறார். இதில் என்ன பாவம்?

அடுத்து ஸ்டேக். நல்ல கடைகளில் இறைச்சியைக் குளிர் அறையில் வாரக்கணக்கில் பதப்படுத்துவார்கள். ஈரம் வற்றிச் சுவை ஏறும், நாரும் இளகும். மீடியம் ரேர், அதாவது நடுவில் இளஞ்சிவப்பாக இருக்கும் பதம் என்றால் உள்சூடு சுமார் 55 டிகிரி செல்சியஸ். அந்தப் பதம் யாருக்காகவும் காத்திருக்காது. ஆற ஆறக் கொழுப்பு உறையும். நான்கு பேர் உட்கார்ந்தால் போட்டோ, அரட்டை, "உன்னுடையதில் ஒரு துண்டு கொடு"... அதற்குள் தட்டு ஆறிவிடும். தனியாக இருப்பவர் முதல் துண்டைச் சூடாகச் சாப்பிடுகிறார்.

துணை உணவுகள் இரண்டு மூன்று பேருக்கான அளவில் வருகின்றன என்றார்கள். உண்மைதான். போர்ட்டர்ஹவுஸ் என்ற எலும்போடு கூடிய பெரிய துண்டும் பல கடைகளில் இருவருக்கானது. சரி, ரிப்ஐ என்ற விலாப் பகுதித் துண்டைக் கேளுங்கள், துணை உணவு ஒன்று போதும். பல இடங்களில் பார் இருக்கையிலேயே முழு மெனுவும் கிடைக்கும்.

"காசினோவில் ஆடி நண்பர் சேர்த்த புள்ளிக் கணக்கில் எல்லோரும் இலவசமாகச் சாப்பிடலாமே" என்று ஒரு சகோதரி கேட்டார். அம்மா, அந்த இலவசம் எப்படி வருகிறது? சராசரியாக எவ்வளவு கட்டுகிறார், எவ்வளவு நேரம் ஆடுகிறார், அந்த ஆட்டத்தில் விடுதியின் லாப விகிதம் என்ன என்று பார்த்து, அவர் தோற்கக்கூடிய தொகையைக் கணக்கிடுகிறார்கள். அதில் ஒரு பங்குதான் சாப்பாடாகத் திரும்பி வருகிறது. நண்பரின் தோல்விப் பணத்தில் நாலு பேர் விருந்து சாப்பிடுவதை எப்படி உறவு என்று சொல்ல முடியும்? அப்புறம் அதே கூட்டம்தான், "வா, இன்னொரு ஆட்டம்" என்று அவரை மறுபடி மேசைக்கு இழுக்கிறது. தனியாக வந்தவருக்கு அந்த இழுப்பு இல்லை. பில்லைக் கட்டி, பரிமாறியவருக்கு டிப்ஸ் வைத்துவிட்டு, நேராக அறைக்குப் போகலாம்.

கடைசியாக, "பெண்கள் அங்கே தனியாகப் போக முடியுமா?" என்ற கேள்வி. தனியாக வரும் பெண்ணைச் சமையலறைக் கதவோரம் உட்காரவைக்கும் கடைகள் உண்டு, மறுக்கவில்லை. அது உட்காரவைத்தவரின் குற்றம். அதற்காக அவர் துணை தேடிக்கொண்டு வர வேண்டும் என்று சொல்வது நியாயமே இல்லை. "வேறு மேசை வேண்டும்" என்று கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. நடுவர் அவர்களே, அந்தப் பெண்ணின் பக்கம் நின்று தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.