குபேர் சாலைக்குப் பேர் கொடுத்த மேயர்

[காட்சி: காலை நேரக் கடற்கரைச் சாலை]

புதுச்சேரிக்கு வந்துவிட்டு இந்த ரோட்டில் நடக்காமல் போனவர்கள் குறைவு. இதற்குக் குபேர் சாலை என்று பேர், நம்ம பெரிய மார்க்கெட்டும் குபேர் அங்காடிதான். பணம் புரளுகிற இடம், அதனால் குபேரன் பேரை வைத்துவிட்டார்கள் போல என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டால் தப்பில்லை. ஆனால் அது எதுவார் குபேர். 1894-ல் பிறந்தவர், இந்த ஊருக்கு மேயராக இருந்தவர்.

[காட்சி: மேரி என்கிற நகரசபைக் கட்டடத்தின் பழைய படம்]

மேயர் என்றால் ரிப்பன் வெட்டுகிற ஆள் என்று நினைக்க வேண்டாம். பிரெஞ்சு ஆட்சியில் ஒவ்வொரு கொம்யூனுக்கும், அதாவது ஒவ்வொரு உள்ளாட்சிப் பகுதிக்கும், ஒரு மேயர். ஜனங்கள் நகரசபைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுப்பார்கள், அவர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள். குழந்தை பிறந்தாலும், கல்யாணம் நடந்தாலும், யாராவது இறந்தாலும் மேரி என்கிற நகரசபைக் கட்டடத்தில்தான் பதிய வேண்டும். ஆக, மேயர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்களோ அந்தப் பக்கம்தான் ஊர்.

குபேருக்கு இது நன்றாகத் தெரியும். பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சியின் தலைவர், 1951-ல் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கே போனவர், அதுவரைக்கும் பிரான்ஸ் பக்கம் உறுதியாக நின்றவர். அப்புறம் 1954 மார்ச் மாதம், ஒரே மாதத்தில், எல்லாம் தலைகீழ்! புதுச்சேரி வட்டார மேயர்கள் இந்தியாவோடு சேர வேண்டும் என்று தீர்மானம் போட, குபேர் நெட்டப்பாக்கத்துக்குப் போய்த் தற்காலிக அரசையே அமைத்துவிட்டார். எல்லையில் இந்தியா போட்ட சுங்கக் கெடுபிடியில் ஊர் ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்தது. கொள்கை மாற்றமா, காற்று பார்த்துத் தூற்றியதா? இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் சரியான நேரத்தில் தூற்றினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 18-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகளின் வாக்கெடுப்பு: 178 பேரில் 170 பேர் இந்தியா பக்கம். நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது.

1963 ஜூலையில் குபேர் காங்கிரஸ் முதலமைச்சர். அடுத்த வருடம் செப்டம்பரில் அந்த நாற்காலி வெங்கடசுப்பா ரெட்டியாருக்குப் போய்விட்டது. குபேர் 1979-ல் இறந்தார்.

[காட்சி: இன்றைய மேரி கட்டடம்]

1968-க்குப் பிறகு இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல்தான், நடுவில் 38 வருடம்! அதுவும் நகராட்சித் தலைவர் பதவிக்கு, மேயருக்கு இல்லை. மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்து, அதே சாயலில் திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். போய்ப் பாருங்கள், வாசல் குபேர் சாலையில்தான்.