சங்கிலி பிடித்து அளந்த அதிகாரம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஹாங்காங் என்றாலே வானளாவும் கட்டடங்கள்தான் நினைவுக்கு வரும். நான் பேசப்போவது அவற்றுக்கு வடக்கே இருந்த நெல்வயல்களைப் பற்றி. 1898 ஜூனில் பீக்கிங்கில், அதாவது இன்றைய பெய்ஜிங்கில், சீனாவுடன் கையெழுத்தான ஒப்பந்தப்படி, அந்தப் பகுதியைப் பிரிட்டன் 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது. 'நியூ டெரிட்டரீஸ்' என்று பெயரும் வைத்தது. நானூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள், சுமார் ஒரு லட்சம் மக்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காலனிச் செயலாளர் ஸ்டுவர்ட் லாக்ஹார்ட் சீனம் நன்றாகத் தெரிந்தவர். அந்த ஆகஸ்டிலேயே ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்து வந்தார். ஆனாலும் நிலம் பறிபோகும், புது வரி வரும் என்ற பயம் ஊர்களில் பரவியது. 1899 ஏப்ரலில், பிரிட்டிஷ் கொடியேற்றுவதற்காக 'தாய் போ' என்ற இடத்தில் போட்டிருந்த கொட்டகையை ஊர்க்காரர்கள் கொளுத்திவிட்டார்கள். அப்புறம் ஆறு நாள் சண்டை. அதை அடக்கப் போன ஹாங்காங் ரெஜிமெண்டில் இருந்தவர்கள் இந்தியச் சிப்பாய்கள். செத்தவர்கள் கிராமத்தார் மட்டுமே. காட் ஹிங் வாய் என்ற மதில் சூழ்ந்த ஊரின் இரும்புக் கதவுகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அவை அயர்லாந்தில், ஆளுநர் ஹென்றி பிளேக்கின் வீட்டில் போய்ச் சேர்ந்தன. திரும்பி வந்தது 1925இல்தான்.

சரி, துப்பாக்கியால் ஊரை அடக்கலாம், ஆள முடியுமா? என்னைக் கேட்டால், ஆட்சி உண்மையில் காலூன்றியது அடுத்து வந்த நில அளவையால்தான். இதற்கும் இந்தியாவிலிருந்தே சர்வேயர்களை வரவழைத்தார்கள். அவர்கள் சங்கிலி பிடித்து, வரப்பு வரப்பாக அளந்து, மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான துண்டு நிலங்களுக்கு எண் போட்டார்கள்.

இங்கேதான் வேடிக்கை. அதுவரை டாங் போன்ற பெரிய குலங்கள், 'பேரரசருக்கு வரி கட்டுவது நாங்கள்' என்று சொல்லிப் பல ஊர்களில் தண்டல் செய்துவந்தன. 1900இல் அமைந்த நில நீதிமன்றம் அதற்கு ஆதாரம் கேட்டது. காட்ட முடியாத இடங்களில், உழுதவன் பெயரே பதிவேட்டில் ஏறியது. முன்னோர் பெயரிலிருந்த பொதுச் சொத்தை மட்டும் கலைக்கவில்லை. அதற்கு ஒரு மேலாளர் பெயரைப் பதிந்து, வழக்கப்படி நடத்திக்கொள்ள விட்டார்கள். வெள்ளைக்காரனின் கருணை என்று இதைச் சொல்லமாட்டேன். வரி யாரிடம் கேட்பது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால், சண்டையில் முன்னால் நின்ற பெரிய குலங்களின் பயம் வெறும் வதந்தியால் வந்ததில்லை என்பதும் இதிலிருந்து புரிகிறது.

நிலம் அரசுடையது என்றாகி, உழவர்கள் குத்தகைக்காரர்கள் ஆனார்கள். அந்தக் குத்தகைகள் பிரிட்டனின் சொந்தக் குத்தகை முடிவதற்கு மூன்று நாள் முன்னால், 1997 ஜூனில் முடிவதாக எழுதப்பட்டன. இந்தக் கெடு நெருங்கியதால்தான் 1979இல் ஆளுநர் மெக்லகோஸ் பெய்ஜிங் போய், சீனத் தலைவர் டெங் சியாவோபிங்கிடம் இதைப் பற்றிப் பேச வேண்டிவந்தது.