உறை சோனியுடையது, குரல் யாருடையது?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

‘ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின்’ என்ற லாஸ் ஏஞ்சலிஸ் ராக் இசைக்குழு, தன் பெயரையே தலைப்பாக வைத்து 1992 நவம்பரில் வெளியிட்ட முதல் ஆல்பம் எதிர்ப்புக் குரலா, எதிர்ப்பின் பெயரால் விற்கப்பட்ட சரக்கா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி அம்மையார் சரக்கே என்று வாதிட்டார். ஆல்பத்தை வெளியிட்ட எபிக், சோனி குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் என்றார். இயந்திரத்தின் மீது சீற்றம் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் இயந்திரத்தின் வாசலிலேயே போய் நின்றார்கள் என்றார். தீக்குளித்த துறவியின் படத்தை அட்டையில் போட்டு விற்றார்கள் என்றார். கடைசியாக, ‘உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவர்கள்’ என்று சொல்லி, நல்ல கைதட்டலோடு அமர்ந்தார். அந்தக் கைதட்டலில் என் கையும் இருந்தது, நடுவர் அவர்களே. ஏனெனில் அந்தப் பழமொழி என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது. உண்ட வீட்டுக்கே இரண்டகம் செய்தவனை, அந்த வீட்டுக்காரனின் கையாள் என்று எப்படிச் சொல்வது? அம்மையார் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும்.

முதலில் காலக்கணக்கைப் பார்ப்போம். சோனி பணம் கொடுத்ததால் பிறந்த கோபம் இது என்ற எண்ணம் எதிரணியின் பேச்சு முழுவதும் இழையோடியது. உண்மை வேறு. பாடகர் ஸாக் டி லா ரோச்சா, கிட்டார் கலைஞர் டாம் மொரெல்லோ, பேஸ் வாசித்த டிம் காமர்ஃபோர்ட், டிரம்ஸ் வாசித்த பிராட் வில்க் ஆகிய நால்வரும் 1991இல் சேர்ந்தார்கள். அதே ஆண்டில், எந்த நிறுவனமும் கையொப்பமிடுவதற்கு முன்பே, பன்னிரண்டு பாடல்களைத் தாங்களே பதிவு செய்து கேசட்டாக்கி, ஐந்து டாலர் விலையில் ஏறக்குறைய 5,000 பிரதிகள் விற்றார்கள். அந்தக் கேசட்டின் உறையில் இருந்தது பங்குச்சந்தை நிலவரப் பக்கம். உள்ளே ஒவ்வோர் அட்டையிலும் ஒரே ஒரு தீக்குச்சி ஒட்டப்பட்டிருந்தது. பங்குச்சந்தைப் பக்கத்தையும் தீக்குச்சியையும் ஒன்றாகக் கையில் கொடுத்தால் வாங்குபவர் என்ன நினைக்க வேண்டும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. நிறுவனம் வெளியிட்ட ஆல்பத்தின் பத்துப் பாடல்களில் ஏழு, அந்தக் கேசட்டில் ஏற்கெனவே இருந்தவை. ஆக, சரக்கு பிடிக்க வந்த வணிகர் கண்டது, முன்பே கொதித்துக்கொண்டிருந்த உலையைத்தான். அடுப்பை அவர் மூட்டவில்லை.

அந்த உலை எங்கே கொதித்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1991 மார்ச் 3 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் காவலர்கள் ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைச் சாலையோரத்தில் தடிகளால் அடித்து நொறுக்கினார்கள். அருகில் குடியிருந்த ஒருவர் தம் வீட்டிலிருந்து அதை வீடியோ எடுத்ததால் உலகமே பார்த்தது. 1992 ஏப்ரல் 29 அன்று, வழக்கில் நின்ற நான்கு காவலர்களும் தண்டனையின்றி வெளியே வந்தார்கள். ஒரே ஒரு குற்றச்சாட்டில் மட்டும் ஒருவர் விஷயத்தில் நீதிமன்ற ஜூரி குழு முடிவெடுக்க முடியாமல் போனது. அன்று மாலை தொடங்கிய கலவரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நகரின் தென்மையப் பகுதி எரிந்தது. ‘கில்லிங் இன் த நேம்’ பாடல் இந்தத் தீர்ப்புக்கு முன்பே கேசட்டில் வந்துவிட்டது என்பதை அவை கவனிக்க வேண்டும். சீருடை அணிந்தவர்களில் சிலரும் இரவில் சிலுவைகளைக் கொளுத்தும் வெள்ளை இனவெறியர்களும் ஒரே ஆட்கள்தாம் என்று குற்றம் சாட்டும் பாடல் அது. சந்தையின் நாடியைப் பிடித்துப் பார்த்து எழுதுபவர், கலவரம் முடிந்து புகை அடங்கிய பிறகு, பரபரப்பு விலைபோகும் நேரம் பார்த்து எழுதியிருப்பார். இவர்களோ தங்கள் ஊரில் கண்முன் நடந்ததை நடந்த சூட்டிலேயே எழுதினார்கள்.

அம்மையார் ஒரு கேள்வி எழுப்பினார்: பொதுவாக ‘அதிகாரம் ஒழிக’ என்று கத்துவது யாருக்கும் வலிக்காத எதிர்ப்பு, அதை எந்த நிறுவனமும் விற்கும் என்றார். பொதுவான கூச்சல் யாரையும் சுடாது என்பதில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் இந்த ஆல்பத்தை அந்தப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன், அதைக் கடைசிவரை ஒருமுறை கேட்டிருக்கலாம். ‘வேக் அப்’ பாடலில் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. கறுப்பின இயக்கங்களை உளவு பார்த்துச் சிதைக்க நடத்திய இரகசியத் திட்டம் பேசப்படுகிறது. அந்த அமைப்பின் உள்குறிப்பு வாசகங்களே பாடலின் நடுவே உரைநடையாக ஒலிக்கின்றன. கறுப்பினத் தலைவர்களான மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரும் மால்கம் எக்ஸின் பெயரும் வருகின்றன. ‘டேக் த பவர் பேக்’ பாடல், பள்ளிப் பாடத்திட்டம் ஐரோப்பியர் வரலாற்றை மட்டுமே வரலாறாகக் கற்பிக்கிறது என்று பாடநூலோடு சண்டை போடுகிறது. பாடத்திட்டத்தைப் பற்றி ஒரு ராக் பாடல்! இளைஞர்களை மயக்க நினைக்கும் வணிகர் தேர்ந்தெடுக்கும் பொருளா அது? ‘டவுன்ஷிப் ரெபெலியன்’ தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியையும் லாஸ் ஏஞ்சலிஸின் சேரிகளையும் ஒரே மூச்சில் இணைக்கிறது; அப்போது நெல்சன் மண்டேலா சிறையிலிருந்து வந்துவிட்டார் என்றாலும் அங்கே கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை இன்னும் வந்திருக்கவில்லை.

‘ஃப்ரீடம்’ பாடலின் வீடியோ இன்னும் ஒரு படி மேலே போனது. 1975இல் அமெரிக்காவின் பைன் ரிட்ஜ் பழங்குடி வாழிடத்தில் இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் கொல்லப்பட்ட வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற பழங்குடி உரிமைப் போராளி லியோனார்ட் பெல்டியரின் கதையை அது எடுத்துச் சொல்லி, அவருக்கு நீதி கிடைக்கவில்லை என்றது. இசைத் தொலைக்காட்சியில் முடியழகும் ஆடையழகும் காட்ட வேண்டிய நிமிடங்களில் ஒரு கைதியின் வழக்குக் குறிப்பு ஓடியது. பெல்டியர் 2025 பிப்ரவரியில்தான், தண்டனை வீட்டுக் காவலாக மாற்றப்பட்டு, சிறையிலிருந்து வெளியே வந்தார். அந்த வீடியோதான் அவரை விடுவித்தது என்று நான் சொன்னால் நடுவர் சிரிப்பார், சிரிக்கவும் வேண்டும். நான் சொல்வது இவ்வளவுதான்: அந்தப் பெயரையே கேள்விப்படாத ஒரு தலைமுறைக்கு அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது, சேர்த்தது சோனியின் வண்டி.

வண்டி என்றதும் எதிரணி நிமிர்ந்து உட்கார்வதைப் பார்க்கிறேன். ஆம், வண்டி சோனியுடையதுதான்; வாடகையாக அவர்கள் பெரும் இலாபமும் பார்த்தார்கள். அமெரிக்காவில் மட்டும் முப்பது லட்சம் பிரதிகளுக்கான டிரிபிள் பிளாட்டினம் சான்றிதழ் பெற்ற ஆல்பம் இது. அதை மறைத்து வாதாடுவது எனக்குப் பெருமை இல்லை. இதே கேள்வி மொரெல்லோவிடமும் கேட்கப்பட்டது. முதலாளித்துவச் சமூகத்தில் செய்தி பரவும் வழிகளும் முதலாளித்துவ வழிகளே என்றும், முதலாளித்துவத்தைச் சாடும் அறிஞர் நோம் சாம்ஸ்கியின் நூல்கள் பெரிய புத்தகக் கடைகளில் விற்கப்படுவதை அவர் எதிர்ப்பாரா என்றும் மொரெல்லோ திருப்பிக் கேட்டார். சாமர்த்தியமான பதில்தான், ஆனால் எனக்கு அது போதவில்லை, நடுவர் அவர்களே. சாமர்த்தியத்தை வைத்து யாரும் எதையும் நியாயப்படுத்திவிடலாம். எனவே நான் வேறோர் அளவுகோலை வைக்கிறேன். பேரம் முடிந்தபோது கைமாறியது என்ன, கைமாறாதது என்ன என்று பார்ப்போம். வினியோக உரிமையும் இலாபத்தில் பங்கும் கைமாறின. பாடல் வரிகள் கைமாறவில்லை. ‘கில்லிங் இன் த நேம்’ பாடலில் பதினேழு முறை வரும் ஓர் ஆங்கில வசைச்சொல் ஆல்பத்தில் ஓரிடத்திலும் மழுங்கடிக்கப்படவில்லை. வானொலிக்காக வசையை நீக்கிய வடிவம் வந்தது உண்மை, 1993இல் பி.பி.சி. வானொலியில் தவறுதலாக நீக்காத வடிவமே ஒலிபரப்பாகி, புகார்கள் குவிந்ததும் உண்மை.

அட்டைப் படத்துக்கு வருகிறேன். 1963 ஜூன் 11 அன்று தென்வியட்நாமின் சைகான் நகர நாற்சந்தியில், இங்கோ டின் டியெம் அரசு பௌத்தர்களை ஒடுக்கியதை எதிர்த்து, திக் குவாங் டுக் என்ற துறவி அசையாமல் அமர்ந்து தீயில் எரிந்தார். செய்தியாளர் மால்கம் பிரவுன் எடுத்த அந்தப் படம்தான் ஆல்பத்தின் முகப்பு. இங்கே எதிரணிக்கு ஓர் அடி விட்டுக்கொடுக்கிறேன்: கடை அலமாரியில் விலைச்சீட்டோடு அந்தப் படம் நிற்பதை எண்ணும்போது எனக்கும் ஒரு கூச்சம் உண்டு. ஒரு மனிதரின் சாவு யாருடைய உறையாகவும் ஆகக் கூடாது என்று சொல்பவரோடு நான் சண்டை போடமாட்டேன். ஆயினும், இது வணிக உத்தி என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். எந்த விற்பனைத் துறையும் தானாக இப்படிப்பட்ட படத்தைத் தேர்ந்தெடுக்காது. நால்வரின் முகங்களும் முகப்பில் இல்லை. புதுக் குழுவின் முதல் ஆல்பத்தில் முகத்தை விற்பதுதான் அந்தத் தொழிலின் பாலபாடம்.

இசையைப் பற்றிப் பேசாமல் இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுவது முறையாகாது. இதன் குறிப்பேட்டில், இந்த ஒலிப்பதிவில் சாம்பிள்களோ (பிற இசைப்பதிவுகளிலிருந்து வெட்டி ஒட்டும் துண்டுகளோ) கீபோர்டோ சின்தசைசரோ பயன்படுத்தப்படவில்லை என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஏன் அப்படி அச்சிட நேர்ந்தது? மொரெல்லோவின் கிட்டார், இசைத்தட்டைக் கையால் தேய்க்கும் டிஜேயின் ஒலியைப் போலவும், அபாயச் சங்கைப் போலவும் கத்துகிறது. கேட்பவர் அது மின்னணுக் கருவி என்றே நினைப்பார். அவர் செய்ததோ, கிட்டாரிலுள்ள மாற்று விசையை வேகமாகத் தட்டியும், கம்பிகளைக் கையால் உரசியும், காலடிப் பெடலால் சுருதியை எகிறவைத்தும் எழுப்பிய ஓசை. ஹிப்-ஹாப் கறுப்பினக் குடியிருப்புகளின் குரல். ராக் அப்போது பெரும்பாலும் வெள்ளையின இளைஞர்களின் கூடாரம். இரண்டையும் நான்கு பேரின் நாற்பது விரல்களில் இவர்கள் ஒன்றாக்கினார்கள் என்பதே ஓர் அரசியல் செயல் என்பேன். ஒலிப்பதிவில் கார்த் ரிச்சர்ட்ஸன் தயாரிப்பாளராக இருந்தும், குழு நேரில் நின்று வாசிப்பது போன்ற வெறுமையான, பூச்சில்லாத ஒலிதான் கிடைக்கிறது. சந்தை விரும்பும் மெருகு அதில் இல்லை.

இனி, எதிரணி வெற்றிச் சான்றாகக் காட்டிய பால் ரயன். 2012இல் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளரான அவர் இந்தக் குழுவைத் தமக்குப் பிடித்த குழுக்களில் ஒன்றாகச் சொன்னார். எதிரிக்கே பிடித்துப்போன எதிர்ப்பு என்ன எதிர்ப்பு என்று அம்மையார் கேட்டார். மொரெல்லோ உடனே எழுதிய கட்டுரையில், எங்கள் இசை சீறுவது எந்த இயந்திரத்தின் மீதோ அதன் உருவமே ரயன் என்றார். இசையை விரும்புகிறேன், வரிகளை அல்ல என்பதே ரயன் தரப்பின் நிலை. பாருங்கள், வரிகளைத் தனியே பிரித்து எறிய வேண்டிய கட்டாயம் அவருக்கு ஏன் வந்தது? வரிகள் இருபது ஆண்டுக்குப் பின்னும் தொண்டையில் முள்ளாக நின்றதால்தான். சரக்கை யாரும் பிரித்து எறிய வேண்டியதில்லை, அப்படியே விழுங்கலாம்.

2009 கிறிஸ்துமஸ் கதையையும் எதிரணி தொட்டது. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் வெற்றியாளரே ஆண்டுதோறும் பிரிட்டிஷ் கிறிஸ்துமஸ் பாடல் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடிப்பதில் சலித்துப்போன ஒரு தம்பதி, அதற்கு மாற்றாக ‘கில்லிங் இன் த நேம்’ பாடலை வாங்குங்கள் என்று இணையத்தில் அழைத்தார்கள். ஒரே வாரத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேல் பதிவிறக்கமாகி அது முதலிடம் பிடித்தது. தோற்ற பாடலும் சோனி குழுமத்தினுடையதே என்பது அம்மையாரின் குறும்பான குறிப்பு. உண்மைதான், இரண்டு கையிலும் இலாபம் பார்த்தது அந்தக் குழுமம். அதே சமயம், குழு தனக்கு வந்த வருவாயை வீடற்றோருக்கான ‘ஷெல்டர்’ அமைப்புக்குக் கொடுத்ததையும், அடுத்த ஆண்டு இலண்டன் ஃபின்ஸ்பரி பார்க்கில் இரசிகர்களுக்கு இலவசக் கச்சேரி நடத்தியதையும் அவர் விட்டுவிட்டார். பி.பி.சி.யில் நேரலையாகப் பாட அழைத்தபோது வசையைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டார்கள். டி லா ரோச்சா முதலில் தவிர்ப்பது போல் பாடி, பிறகு முழுச் சொல்லையும் உரக்கப் பாட, ஒலிபரப்பைப் பாதியில் வெட்டினார்கள். பதினேழு ஆண்டு கழிந்த பிறகும், சொன்னபடி செய்ய மறுக்கும் பாடலைப் பாடிக்கொண்டே சொன்னபடி செய்யும் நிலைக்கு அவர்கள் வரவில்லை.

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே. ஒரு நிமிடம் கூடுதலாகத் தாருங்கள். எதிரணியின் அடுத்த பேச்சாளர் எழப்போகிறார். சோனியின் இலாபக் கணக்கை அவர் மீண்டும் படிக்க வேண்டாம், அதை நானே ஒப்புக்கொண்டேன். அந்தப் பத்துப் பாடல்களில், நிறுவனம் கேட்டது என்பதற்காக மாற்றப்பட்ட ஒரே ஒரு வரியை அவர் இந்த அவைக்குக் காட்டட்டும். காட்டினால் என் வாதத்தை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.